6 முதல் 8-ஆம் வகுப்பு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் புவியியல்: எந்தப் பாடத்திட்டத்தை எடுப்பது?

கேள்வி இது. பதினோரு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் நடக்கிறது. கணக்கு, மொழி, அறிவியல் எல்லாம் ஓடுகிறது. புவியியல் மட்டும் இன்னும் தொடங்கவில்லை. அடுத்த மூன்று ஆண்டுக்கு எதை வாங்குவது? தடிமனான பாடநூலா, வாரத்துக்கு ஒரு நாடு என்று போகும் பயிற்சி நூலா, சந்தா கட்டிப் பார்க்கும் காணொளிப் பாடமா?

பாடநூலை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு நல்ல அட்லஸ், ஒரு உலக உருண்டை. காணொளி துணைக்கு இருக்கட்டும். வாரம் ஒரு நாடு நூலை இந்த வயதுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பதினொன்றிலிருந்து பதினான்கு வயதுக்குள் பிள்ளைகளுக்கு ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த காரணத்துக்குப் போகும் பக்குவம் வருகிறது. 'எது எங்கே' என்பதோடு நிற்காமல் 'ஏன் அங்கே' என்று கேட்க வைக்க இதுதான் வயது. கொடி, தலைநகர், நாணயம், தேசிய விலங்கு என்று ஒரே படிவத்தை ஐம்பது நாடுகளுக்கு நிரப்பிக்கொண்டிருந்தால் அந்தப் பக்குவத்துக்கு வேலையே இருக்காது.

எல்லாப் பாடநூலும் 'ஏன் அங்கே' என்று கேட்பதில்லை. வாங்குவதற்கு முன் மாதிரிப் பக்கங்கள் கிடைக்கும் நூலாகப் பார்த்து, காலநிலை அத்தியாயத்தைத் திறங்கள். மலை, ஆறு அத்தியாயங்களைப் படங்களை வைத்து அழகாக ஒப்பேற்றிவிடலாம். காலநிலையில் அது முடியாது. படித்து முடித்ததும் இந்த ஒரு கேள்விக்குப் பிள்ளையால் விடை சொல்ல முடியுமா என்று பாருங்கள்.

பெர்கன், ஓஸ்லோ, யாகுட்ஸ்க் மூன்றும் ஏறத்தாழ 60 முதல் 62 டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் நகரங்கள். நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் கிழக்கே உள்ள ஓஸ்லோவில் சுமார் 800. சைபீரியாவின் உட்பகுதியில் இருக்கும் யாகுட்ஸ்கில் அந்த 800-இல் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஜனவரியில் பெர்கனின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலே. யாகுட்ஸ்கில் மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே. அட்சரேகை ஒன்றே என்றால் இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வந்தது?

விடைக்கு நான்கு செய்திகள் வேண்டும். வெதுவெதுப்பான வட அட்லாண்டிக் நீரோட்டம் நார்வேக் கரையை ஒட்டிப் போகிறது. மேற்குக் காற்று அந்தக் கடலின் ஈரத்தைக் கரைக்குக் கொண்டுவருகிறது. மலைத்தொடர் அந்தக் காற்றை மேலே ஏறவைப்பதால் மழை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஓஸ்லோ மழை மறைவுப் பக்கத்தில் நிற்கிறது. கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் நிலம் குளிர்காலத்தில் வேகமாகக் குளிர்ந்துபோகிறது. நல்ல அத்தியாயம் இந்த நான்கையும் தனித்தனி வரையறைகளாகப் போட்டுவிட்டுப் போகாது. ஓர் இடத்தை எடுத்துக் கோர்த்துக் காட்டியிருக்கும். 'மழை மூன்று வகைப்படும்' என்று தொடங்கி, மூன்றுக்கும் படம் போட்டு, வேறு எங்கும் அவற்றைப் பயன்படுத்தாமல் முடிகிற நூலைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

அடுத்து அத்தியாயத்தின் கடைசியில் உள்ள கேள்விகள். ஏதாவது பத்தை எடுத்து வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். 'கூறுக', 'நிரப்புக', 'பொருத்துக' எத்தனை? 'ஒப்பிடுக', 'காரணம் காட்டு', 'படத்தைப் பார்த்து அள', 'வரைந்து விளக்கு' எத்தனை? இரண்டாவது வகை பத்தில் மூன்றுகூட இல்லையென்றால், அந்த வேலை முழுக்க உங்கள் தலையில் விழும். புவியியல் பின்னணி இல்லாத பெற்றோர் ஆசிரியர் கையேட்டையும் திறந்து பார்க்க வேண்டும். திறந்த கேள்விகளுக்கு 'விடைகள் மாறுபடலாம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கையேட்டால் பயனில்லை. ஏற்கத்தக்க விடையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அது சொல்ல வேண்டும்.

நூல் எவ்வளவு பழையது என்பதை அட்டையில் உள்ள ஆண்டை வைத்து நம்பாதீர்கள். மறுபதிப்பு என்ற பெயரில் பழைய உள்ளடக்கமே வரும். அகரவரிசைப் பட்டியலில் தென் சூடான் இருக்கிறதா பாருங்கள். அது 2011-இல் தனி நாடானது. சுவாசிலாந்து 2018-இல் எஸ்வாத்தினி ஆனது. மாசிடோனியா 2019-இல் வடக்கு மாசிடோனியா ஆனது. எவரெஸ்ட்டின் உயரம் 8,848.86 மீட்டர் என்று நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 2020 டிசம்பரில். நிலத்தோற்ற அத்தியாயங்கள் பழசானால் பெரிய மோசமில்லை. மக்கள்தொகை, நகரம், வணிகம் பற்றிய அத்தியாயங்கள் பத்து ஆண்டு பழசாகிவிட்டால், நூலில் உள்ள விளக்கத்தை வைத்துக்கொண்டு எண்களை மட்டும் இணையத்திலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.

நூலில் உள்ள உலகப் படங்களையும் கவனியுங்கள். மெர்கேட்டர் என்ற வரைபடவியலாளர் 1569-இல் கப்பலோட்டிகளுக்காக வரைந்த முறை திசைகாட்டி கொண்டு வழி பிடிக்க அருமையானது. பரப்பை ஒப்பிட அது உதவாது. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். கிரீன்லாந்தைப் போல ஏறக்குறைய 14 மடங்கு. மக்கள் நெருக்கத்தையோ காட்டுப் பரப்பையோ மெர்கேட்டர் படத்தின்மேல் நிறம் தீட்டிக் காட்டும் நூல் பிள்ளைக்குத் தவறான உலகத்தைப் பழக்குகிறது. சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து வேறுபாடு காட்டும் படங்களும் சிக்கல்தான். நிறக்குருடு பையன்களிடம் அதிகம். பல வீடுகளில் அது தெரியாமலே இருக்கும். படம் படிக்கும்போது மட்டும் திணறும் பிள்ளைக்கு முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள்.

வீட்டுக் கல்விக்கென்றே எழுதப்படும் நூல்களில் சில ஒரு மத நிலைப்பாட்டிலிருந்து எழுதப்படுபவை. அது முன்னட்டையில் தெரியாது. புவித்தட்டுகள், அதாவது நகர்ந்துகொண்டிருக்கும் பூமி மேலோட்டின் பெரிய துண்டுகள் பற்றிய அத்தியாயத்தில் தெரியும். குடும்பம் எதை ஏற்கிறது என்பது அவர்கள் முடிவு. ஆனால் பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டு என்று சொல்லும் நூல் இமயமலையை விளக்க முடியாமல் தவிக்கும். இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டு ஆகிறது. ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் நகர்ச்சி என்று வைத்துப் பிள்ளையைப் பெருக்கச் சொல்லுங்கள்: 2,500 கிலோமீட்டர். நகம் வளரும் வேகத்தில் நகர்ந்த நிலம் ஒரு மலைத்தொடரை எழுப்பியது எப்படி என்பது இந்தப் பெருக்கலில்தான் புரியும். இந்தக் கணக்குக்கு இடம் தராத நூலை நான் எடுக்க மாட்டேன்.

இனி வரிசை. நூல்கள் இரண்டு விதமாக அடுக்கப்பட்டிருக்கும்: கண்டம் கண்டமாகப் போவது, தலைப்பு தலைப்பாகப் போவது. கண்ட வாரியாகப் போனால் பிள்ளைக்கு இடங்கள் நன்றாகத் தெரியும். ஆனால் பாலைவனம், பருவக்காற்று, நகர்ப் பெருக்கம் எல்லாம் ஒவ்வொரு கண்டத்திலும் அரைகுறையாக வந்து போகும். தலைப்பு வாரியாகப் போனால் காரணங்கள் புரியும். ஆனால் 'அட்டகாமா பாலைவனம் எங்கே இருக்கிறது' என்று கேட்டால் விழிப்பார்கள். தலைப்பு வாரியான நூலை எடுத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரே ஒரு வட்டாரத்தை ஆழமாகப் பார்ப்பதும், இடங்களைத் தனியாகச் சிறிது சிறிதாகப் பழகுவதும்தான் சரியாக வரும். ஒன்பது வயதிலும் பதின்மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும் இதுவே வசதி: தலைப்பு ஒன்று, வேலை மட்டும் வேறு வேறு.

முதல் ஆண்டில் வரைபடம், பூமி-சூரியன் உறவு, நிலத்தோற்றம். இரண்டாம் ஆண்டில் காலநிலை, கடல், மண், தாவரம், நீர். மூன்றாம் ஆண்டில் மக்கள், வேளாண்மை, நகரம், வணிகம், எல்லைகள்.

முதல் ஆண்டை அவசரப்படுத்தாதீர்கள். வரைபடம் படிக்கத் தெரியாமல் இரண்டாம் ஆண்டுக்குப் போன பிள்ளை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடும். சம உயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, கையால் செய்துதான் கற்க வேண்டும். 1:50,000 அளவுள்ள நிலவரைபடத்தில் ஒரு குன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த அளவில் 2 சென்டிமீட்டர் தரையில் 1 கிலோமீட்டர். அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே உயர வேறுபாடு 20 மீட்டர் என்று கொள்வோம். ஒவ்வொரு கோட்டையும் கார்பன் தாள் வைத்து 2 மில்லிமீட்டர் அட்டையில் பதித்து, வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். குன்று ஊசி போல் நிற்கும், பிள்ளை 'இவ்வளவு செங்குத்தா?' என்று கேட்கும். காரணம் உண்டு: கிடையாக 50,000-இல் ஒரு பங்கு, செங்குத்தாக 2 மில்லிமீட்டருக்கு 20 மீட்டர், அதாவது 10,000-இல் ஒரு பங்கு. உயரம் ஐந்து மடங்கு பெரிதாக்கப்பட்டிருக்கிறது. உண்மை அளவில் செய்தால் ஓர் அடுக்கு 0.4 மில்லிமீட்டர்தான் வர வேண்டும். கனமான வரைதாள் போதும். இரண்டையும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பாடநூல்களில் வரும் குறுக்குவெட்டுப் படங்கள் ஏன் எப்போதும் மிகைப்படுத்தியே இருக்கின்றன என்பது அதன் பிறகு சொல்லித்தரத் தேவைப்படாது.

அட்சரேகைக்கும் ஒரு செயல்முறை. மார்ச் 20 அல்லது செப்டம்பர் 22 ஒட்டிய நாளில், 1 மீட்டர் குச்சியைச் சமதரையில் நட்டு நண்பகல் நிழலை அளக்க வேண்டும். அளந்ததைப் பத்தில் ஒரு பங்காகத் தாளில் வரையுங்கள்: குச்சி 10 சென்டிமீட்டர் செங்குத்துக்கோடு, நிழல் கிடைக்கோடு, இரண்டின் முனைகளையும் இணையுங்கள். குச்சியின் உச்சியில் உருவாகும் கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் அதுவே உங்கள் அட்சரேகை. நிழலும் சரியாக 1 மீட்டர் இருந்தால் 45 டிகிரி. 58 சென்டிமீட்டர் இருந்தால் 30 டிகிரி. இதில் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். குச்சி சாய்ந்திருக்கும், நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். இன்னொன்று, கடிகாரத்தில் 12 ஆனதும் அளப்பது. உங்கள் நேர மண்டலத்தின் மையத் தீர்க்கரேகையிலிருந்து ஒவ்வொரு டிகிரி விலகலுக்கும் சூரிய நண்பகல் 4 நிமிடம் தள்ளிப்போகும் அல்லது முந்தும். ஆகவே 11:30-லிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே வந்து, நிழல் குறுகி மீண்டும் நீளத் தொடங்கும்வரை நிறுத்தாதீர்கள். மிகக் குறுகிய நிழல்தான் கணக்கு. ஒரு டிகிரி பிழை என்றால் தரையில் சுமார் 111 கிலோமீட்டர் பிழை என்பதையும் அட்லஸில் காட்டுங்கள்.

உலக உருண்டையில் டோக்கியோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது அலாஸ்கா பக்கமாகப் போகும். பசிபிக்கை நடுவில் வைத்த தட்டைப் படத்தில் நேர்கோடு அந்தக் கடலைக் குறுக்கே வெட்டும். கோட்டுச்சட்டங்கள் (உருண்டையான பூமியைத் தட்டைத் தாளில் வரையும் முறைகள்) என்ற அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

இடங்களைப் பழகுவதற்கு ஐ.நா. உறுப்பு நாடுகள் 193-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 36 வாரம், மூன்று ஆண்டுக்கு 108 வாரம். வாரம் இரண்டு நாடு போதும், மீதி நேரம் மீள்பார்வைக்கு. வெற்றுப் படத்தில் எழுதுவதோடு, மாதம் ஒருமுறை வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். முதலில் நிலநடுக்கோடு, கடகரேகை, மகரரேகை, கிரீன்விச் தீர்க்கரேகை நான்கையும் போட்டுவிட்டு, அவற்றை வைத்து நிலப்பரப்புகளைக் குத்துமதிப்பாக நிறுத்த வேண்டும். அழகு தேவையில்லை. ஆப்பிரிக்கா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே மட்டும் இருப்பதாக வரைந்தால் எதைத் திருத்த வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.

அட்லஸில் மழை, மக்கள் நெருக்கம், நிலப் பயன்பாடு போன்ற தனித்தனிப் படங்கள் இருக்க வேண்டும். அரசியல் படங்கள் மட்டும் உள்ளது வேண்டாம். பிள்ளைகள் அட்லஸில் செய்யும் மிகப் பொதுவான தவறு, இயற்கை அமைப்புப் படத்தில் பச்சையைக் கண்டால் காடு என்று படிப்பது. அங்கே பச்சை என்பது தாழ்ந்த நிலம். எகிப்தின் கத்தாரா தாழ்நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே 133 மீட்டர் வரை இறங்குகிறது. பல அட்லஸ்களில் கரும்பச்சையாக இருக்கும், நேரில் வெறும் பாலைவனம். நிறக்குறிப்புக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் படத்தைப் பார்ப்பது என்பதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்குங்கள். சர்ச்சையில் உள்ள எல்லைகளுக்கு விட்டுவிட்டுப் போட்ட கோடுகளையும் கவனிக்காமல் கடந்துவிட வேண்டாம். மேற்குச் சகாராவின் எல்லை வெவ்வேறு நாடுகளில் அச்சான அட்லஸ்களில் வெவ்வேறு விதமாக இருக்கும். எல்லை என்பது மக்களும் அரசுகளும் ஒப்புக்கொள்வது அல்லது மறுப்பது என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை நன்றாகவே புரிந்துகொள்ளும்.

காணொளிச் சந்தாவைத் தனிப் பாடத்திட்டமாக எடுக்க வேண்டாம் என்றதற்குக் காரணம், பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும், கேட்டால் வராது. எரிமலை, பனியாறு, கடலடி போன்றவற்றுக்கு ஐந்து நிமிடக் காணொளி நூலைவிட மேல். அந்த இடத்தில் வையுங்கள். 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டும் கூகுள் எர்த் டைம்லாப்ஸ் இலவசம். மத்திய ஆசியாவின் ஏரல் கடலை அதில் போட்டு, எந்தப் பக்கம் முதலில் வற்றுகிறது, ஆறுகள் எங்கே போய்ச் சேராமல் நிற்கின்றன என்று பிள்ளையே எழுதட்டும். பிறகு 1960-களிலிருந்து அமு தார்யா, சிர் தார்யா ஆறுகளின் நீர் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்ட கதையைச் சொல்லுங்கள். இரண்டாம் ஆண்டின் நீரும் மூன்றாம் ஆண்டின் வேளாண்மையும் இந்த ஒரு பாடத்தில் சந்திக்கும்.

மூன்றாம் ஆண்டுக்குத் தரவு வேண்டும். நைஜரின் வயது-பாலினப் பிரமிடையும் (எந்த வயதில் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று காட்டும் படம்) ஜப்பானுடையதையும் பக்கத்தில் வையுங்கள். முன்னதில் ஏறத்தாழ பாதிப்பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள். பின்னதில் நான்கில் ஒருவருக்கு மேல் 65-ஐத் தாண்டியவர்கள். இருபது ஆண்டு கழித்து எந்த நாட்டுக்கு எது அதிகம் தேவைப்படும் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் அதுவே தேர்வு. வணிகத்துக்கு 1869-இல் திறந்த சூயஸ் கால்வாய் ஒன்றே போதும். 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' கப்பல் ஆறு நாள் குறுக்கே சிக்கிக் கிடந்தது. சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாமுக்குக் கால்வாய் வழியாகவும் ஆப்பிரிக்காவைச் சுற்றியும் உருண்டையில் நூல் வைத்து அளந்தால், உலகமே ஏன் பதறியது என்பது தெரியும்.

களப்பணி இல்லாத பாடத்திட்டத்துக்கு ஆண்டுக்கு இரண்டு களப்பணியாவது நீங்கள் சேர்க்க வேண்டும். ஓடை பக்கத்தில் இருந்தால் 10 மீட்டர் நீளம் குறித்து, பாதி நீர் நிரப்பிய சிறு பிளாஸ்டிக் குப்பியை ஐந்து முறை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். வெறும் குப்பியைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். கிடைத்தது மேற்பரப்பு வேகம், அதை 0.85-ஆல் பெருக்கினால் ஓடையின் சராசரி வேகம் ஏறக்குறைய வரும். முழங்காலுக்கு மேல் நீர் இருந்தால் கரையிலிருந்தே செய்யுங்கள். ஓடை இல்லாத இடத்தில், 500 மீட்டர் தெரு ஒன்றில் ஒவ்வொரு கட்டடத்தின் தரைத்தளமும் எதற்குப் பயன்படுகிறது என்று குறியிட்டு வரைபடமாக்கலாம்.

நேரக் கணக்கையும் வாங்குமுன் போட்டுவிடுங்கள். வாரத்துக்கு 45 நிமிட அமர்வு இரண்டு, 36 வாரத்துக்கு 72 அமர்வு. இடப் பழக்கத்துக்கு இதற்கு வெளியே அரை மணி. ஓர் அத்தியாயத்துக்கு நான்கு அமர்வு கேட்கும் 30 அத்தியாய நூல் என்றால் 120 அமர்வு. அது நடக்காது; 18 அத்தியாயத்தை இப்போதே தேர்ந்தெடுங்கள். வரிசைப்படி ஓடி, பிப்ரவரியில் மூச்சு வாங்கி, கடைசி அத்தியாயங்களை விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. பெரும்பாலான நூல்களில் மக்களும் நகரங்களும் கடைசியில்தான் இருக்கும்.

பின்னாளில் பிள்ளை தனித்தேர்வராகப் பொதுத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், அந்தத் தேர்வின் பழைய வினாத்தாள் ஒன்றை இப்போதே பாருங்கள். வரைபடக் கேள்விகளின் வகை தெரிந்தால் முதல் ஆண்டின் பயிற்சியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். மற்றபடி 14 வயதுப் பாடத்திட்டத்தை 11 வயதில் இழுத்துவர வேண்டாம்.

எதை வாங்கினாலும் ஆறு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஆறாம் வாரக் கடைசியில் நூலில் இல்லாத ஓர் ஊரின் மாதவாரி வெப்பநிலையையும் மழையையும் காட்டும் படத்தையும் இருப்பிடப் படத்தையும் கொடுத்து, நூலை மூடிவைத்து, 'இங்கே ஏன் இப்படி?' என்று கேளுங்கள். எழுதத் தயங்கும் பிள்ளை வாயால் சொல்லலாம், கோடு இழுத்துக் காட்டலாம். படத்திலிருந்தே ஆதாரம் காட்டி இரண்டு காரணம் வந்தால் தொடருங்கள். வராவிட்டால் முதலில் நேரத்தைப் பாருங்கள், அமர்வுகள் உண்மையிலேயே நடந்தனவா என்று. நடந்தும் வரவில்லையென்றால் நூலை மாற்றுங்கள். அட்லஸ், வெற்றுப்படப் பயிற்சி, நினைவுப்படம் மூன்றும் அப்படியே தொடரட்டும். புதிய நூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல், விட்ட தலைப்பிலிருந்தே எடுங்கள்.